நூலளவு இடைவெளி

எனக்கு இந்த ஊரில் ஆயிரம் வாய்கள் தெரியும், பத்து முகங்கள்கூடத் தெரியாது. பல்செட் செய்வது என் தொழில். பல் டாக்டர்கள் நோயாளியின் வாயில் அச்செடுத்து ஒரு துண்டுச் சீட்டோடு எனக்கு அனுப்புவார்கள். சீட்டில் பெயர் இருக்காது. ஆணா பெண்ணா, வயது, எந்தப் பல், என்ன நிறம், எப்போது வேண்டும், அவ்வளவுதான். நான் அச்சில் பிளாஸ்டர் மாவைக் கரைத்து ஊற்றி, அந்த வாயின் நகலைச் செய்து, அதன்மேல் பல்லை அடுக்கி அனுப்பிவிடுவேன். அது யார் முகத்தில் போய்ச் சிரிக்கிறது என்பது என் கவலை இல்லை. பேருந்தில் எதிரே இருப்பவர் கொட்டாவி விடும்போது மட்டும், அட, இது நம் கைவேலை அல்லவா என்று சில நேரம் தோன்றும். பார்த்துச் சிரித்துவைப்பேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

இருபத்து நான்கு வருடமாக இதே அறை, இதே மேசை. சுவரை ஒட்டி ஒரு சின்ன மோட்டார், அதில் அரைக்கும் கற்கள். அதன் பக்கத்தில் குக்கர் மாதிரி ஒரு பாத்திரம், அதற்குள்தான் பல்லின் ஈறு இறுகும். மேசை இழுப்பறையில் அட்டை அட்டையாகப் பற்கள். தனியாக வேலை செய்கிறவளுக்குப் பேச்சுத்துணை வேண்டுமே, அதற்கு ஒரு பாட்டுப்பெட்டி. அதில் காலையிலிருந்து மாலைவரை ஓடுவது ஒரே ஒரு குழுவின் பாட்டுதான். துருக்கதவு.

துருக்கதவைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன், நான்கு பேர், இரண்டு கிட்டார், ஒரு டிரம்ஸ், ஒரு தொண்டை. என் வீட்டுக்காரர் லிஃப்ட் பழுது பார்ப்பவர். நாள் முழுக்க இரும்பு உராயும் சத்தத்தைக் கேட்டுவிட்டு வருகிற மனிதனுக்கு வீட்டிலும் அதே சத்தம் எதற்கு என்பது அவர் கட்சி. அவரோடு நான் இதைப் பற்றி வாதாடுவதை விட்டுப் பல வருடம் ஆகிறது. ரசனை இல்லாதவரைக் கட்டிக்கொண்டது என் பிழை, பாட்டின் பிழை இல்லை.

அந்தத் தொண்டைக்குச் சொந்தக்காரரை ரசிகர்கள் விசிலார் என்பார்கள். ‘ச’ வருகிற இடத்தில் எல்லாம் அவர் குரலுக்கு அடியில் மெல்லியதாக ஒரு விசில் கேட்கும். ஊதுவது இல்லை, தானாகக் கசிவது. “சுவரில் சாய்ந்த சைக்கிளே, சும்மா சொல்லு யாருக்காக” என்று அவருடைய சைக்கிள் பாட்டு தொடங்கும். அந்த ஒரு வரியில் ஐந்து விசில். பதினெட்டு வயதில், விடுதி அறையில், தோழியின் பெட்டியில் அதை முதலில் கேட்டேன். யாரோ என் காதருகே வந்து ரகசியம் சொன்ன மாதிரி இருந்தது. அன்றைக்கு விழுந்தவள் இன்னும் எழுந்திருக்கவில்லை. மற்றவர்களுக்கு அவர் பாட்டு பிடிக்கும், எனக்கு அந்த விசில் பிடிக்கும். அதை ஒருமுறை நேரில், ஒலித்தட்டு இல்லாமல், அவர் வாயிலிருந்து என் காதுக்கு வரக் கேட்டுவிட வேண்டும் என்பதுதான் என் வாழ்நாள் ஆசை. வீடு வாசல் நகை நட்டெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

குழு எங்கள் ஊருக்கு இதற்கு முன் இரண்டு முறை வந்திருக்கிறது. முதல் முறை வந்த அன்று நான் பிரசவ வார்டில் இருந்தேன். அன்று நான் போட்ட கத்தலில் பாதி வலிக்காக, மீதி அந்த டிக்கெட்டுக்காக. பிறந்த மகள் இப்போது வெளியூரில் படிக்கிறாள், இதைச் சொல்லிக்காட்டாத பிறந்தநாள் அவளுக்கு இன்றுவரை இல்லை. இரண்டாம் முறை அரங்கத்தின் வாசல்வரை போய்விட்டேன். வீட்டுக்காரருக்குக் குடல்வால் வெடிக்கிற நிலையில் இருக்கிறது என்று போன் வந்தது. வெடித்திருக்கவில்லை. அவரை நான் மன்னித்துவிட்டேன், ஆனால் அந்தக் குடல்வாலை இன்னும் மன்னிக்கவில்லை.

இது மூன்றாவது முறை. இந்தச் சுற்றோடு மேடையை விடப்போவதாக அறிவித்துவிட்டார்கள். விட்டால் போச்சு. சனிக்கிழமை மாலை ஏழு மணிக்கு நிகழ்ச்சி. எனக்கும் என் நாத்தனாருக்கும் டிக்கெட். நாத்தனார் என்றால் வீட்டுக்காரரின் தங்கை, என்னைவிடப் பன்னிரண்டு வயது சின்னவள். நான் கல்யாணமாகி வந்தபோது பாவாடை சட்டையில் திரிந்தவள், என் பெட்டியைக் கேட்டுக் கேட்டு அவளுக்கும் இந்தக் கிறுக்கு ஒட்டிக்கொண்டது. எனக்கு அதிகமாக வேலை அனுப்புகிற பல் டாக்டரிடம்தான் வரவேற்பு மேசையில் இருக்கிறாள். அந்த டாக்டரின் கண்டிப்பு ஊரறிந்தது. நோயாளி யார், எவர் என்பது அந்தக் கதவைத் தாண்டி வரவே கூடாது.

சனிக்கிழமை மதியம் கடையைக் கட்டிவிட்டு, குளித்து, ஒரு குட்டித் தூக்கம் போட்டு, நான்கு மணிநேரம் நிற்பதற்குத் தெம்பு சேர்த்துக்கொள்வது என் திட்டம். பூட்டைக் கையில் எடுத்துவிட்டேன். நாத்தனார் மூச்சு வாங்கப் படியேறி வந்தாள், கையில் ஒரு டப்பா. அவசர வேலை, ஐந்து மணிக்குள் வேண்டும், டாக்டர் கெஞ்சிக் கேட்கிறார் என்றாள். எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்துவிட்டது. ஊரில் வேறு ஆளே இல்லையா, இன்றைக்கு என்ன நாள் என்று உனக்கே தெரியாதா என்று அவளைப் பிடிபிடியென்று பிடித்தேன். அவள் எல்லாவற்றையும் சிரித்தபடி வாங்கிக்கொண்டாள். கன்னம் இரண்டும் சிவந்து கிடந்தன. நிகழ்ச்சிக்குப் போகிற குஷி என்று நினைத்துக்கொண்டேன்.

“அண்ணி, சீட்டைப் படிச்சிட்டீங்கல்ல? பழையபடியே வேணுமாம். துளி மாறக்கூடாதாம்.”

“எனக்குப் படிக்கத் தெரியும்.”

“இல்ல, டாக்டர் ரெண்டு தடவை சொல்லி அனுப்பினாரு. அதான்.”

டாக்டர் சொல்லலாம். வரவேற்பு மேசையில் இருக்கிறவள் வந்து எனக்குப் பல் கட்டச் சொல்லித் தருவதா? அவளை வாசலோடு அனுப்பிவிட்டு டப்பாவைத் திறந்தேன்.

ஆண், ஐம்பத்தெட்டு வயது. மேல்வரிசை முன்பற்கள் நான்கு, கழற்றி மாட்டுகிற செட், கூடவே வாயின் அச்சு. எதையோ கடித்திருப்பார்போல, செட் நட்டநடுவில் இரண்டாகப் பிளந்திருந்தது, வலது முன்பல் நொறுங்கிப் போயிருந்தது. பிளவை ஒட்ட வேண்டும், நொறுங்கிய பல்லுக்குப் பதில் புதுப்பல் வைக்க வேண்டும். இரண்டு மணிநேர வேலைதான். துண்டுகளைப் பொருத்திப் பார்த்தேன். பார்த்ததும் என் கண்ணை உறுத்தியது, நடுப்பற்கள் இரண்டுக்கும் இடையில் ஒரு சந்து. ஒரு நூல் நுழைகிற அளவு, அதுவும் நேராக இல்லை, கீழே அகன்று கோணலாக. இப்படி ஒரு வேலையைச் செய்து ஒரு மனிதனின் வாயில் வைத்து அனுப்பியிருக்கிறானே, அவன் கையில் என்ன வைத்திருந்தான், மண்வெட்டியா என்று முகம் தெரியாத அந்த ஆளைத் திட்டினேன். பாவம் இந்த ஐம்பத்தெட்டு வயசுக்காரர், இத்தனை காலம் இந்தச் சந்தோடு சிரித்துக்கொண்டிருந்திருக்கிறார்.

சீட்டில் ‘பழையபடியே’ என்று எழுதி அடியில் கோடும் போட்டிருந்தது. நான் பார்த்தவரையில் பழையபடியே என்று எழுதுகிறவர்கள் எல்லாம் புதிது நன்றாக வந்துவிட்டால் வாயெல்லாம் பல்லாகப் போகிறவர்கள்தான். அதோடு, என் சனிக்கிழமையைக் கெடுத்த வேலை இது, இதில் யார் சொல்லையும் கேட்பதாக இல்லை என்கிற வீம்பு. இழுப்பறையில் தேடி, அரை அளவு கூடுதல் அகலமான பல் ஒன்றை எடுத்தேன். நிறம் அச்சாகப் பொருந்தியது. மெழுகில் நிறுத்திப் பார்த்தேன், சந்து மறைந்தது. தூளையும் திரவத்தையும் கலந்து ஈறு கட்டி, குக்கரில் வைத்து, எடுத்து, அரைத்து, பாலிஷ் போட்டேன். வேலை முடிந்து வெளிச்சத்தில் பிடித்தபோது எனக்கே பெருமை பிடிபடவில்லை. பின்னணியில் சைக்கிள் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. நானும் கூடப் பாடினேன்.

நாலரைக்கு நாத்தனார் வந்து ஈரப் பஞ்சில் சுற்றியதைத் திறந்துகூடப் பார்க்காமல் வாங்கிக்கொண்டு ஓடினாள்.

அரங்கத்துக்கு ஆறரைக்கே போய்விட்டோம். வழக்கமாகப் பந்தாட்டம் நடக்கிற இடம், தரையில் மஞ்சள் கோடுகள் அப்படியே இருந்தன. உட்கார வசதி கிடையாது, எல்லோரும் நின்றுதான் பார்க்க வேண்டும். நாத்தனார் இடித்துப் புகுந்து மேடையிலிருந்து ஐந்தாறு ஆள் தள்ளி இடம் பிடித்துவிட்டாள். எங்களுக்கு முன்னால் ஒரு குண்டு மனிதர், நரைத்த குடுமி, முதுகில் துருக்கதவின் படம் போட்ட பனியன். அது அவரைவிட இரண்டு சுற்றுச் சின்னது. நான் ஐம்பதை நெருங்குகிறவள், ஆனால் அங்கே என்னை யாரும் வித்தியாசமாகப் பார்க்கவில்லை. பாதிப் பேர் என் வயசுக்காரர்கள், கால் வலிக்கு முன்னெச்சரிக்கையாகத் தட்டைச் செருப்போடு வந்திருந்தார்கள். இன்னும் அரைமணி நேரத்தில் கேட்டுவிடுவேன், யாருக்கும் எதுவும் வெடிக்காமல் இருக்கவேண்டும் என்று மட்டும் வேண்டிக்கொண்டேன்.

அப்போதுதான் நாத்தனார் என் காதைப் பிடித்து இழுத்தாள். வேலை முடிந்துவிட்டது, இனி சொன்னால் தப்பில்லை என்று அவளே ஒரு தீர்ப்பு சொல்லிக்கொண்டாள்.

“அண்ணி, இன்னிக்கு நீங்க ஒட்டின பல்லு யாரோடது தெரியுமா? விசிலாரோடது. காலையில ஒத்திகையில மைக்குல இடிச்சு உடைஞ்சிருச்சாம். நேரா நம்ம கிளினிக்குக்கு வந்தாரு. நான்தான் பேரெல்லாம் எழுதினேன். சொல்ல முடியாம எனக்கு வயிறே வெடிச்சிரும்போல இருந்துச்சு.”

முதலில் எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. என் கையால் செய்த பல் அந்த வாயிலா என்று உச்சி குளிர்ந்தது. அது ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை. சந்து. அந்த நூலளவு சந்து. காற்று அதன் வழியாகத்தான் போயிருக்கிறது, விசில் அங்கிருந்துதான் வந்திருக்கிறது. இருபத்து நான்கு வருடம் பல்லோடு குடித்தனம் நடத்துகிறவள், முப்பது வருடமாக அந்த விசிலுக்கு உயிரை விடுகிறவள், அது பல்லிலிருந்து வருகிறது என்று ஒருநாளும் நினைத்துப் பார்த்ததில்லை என்றால் நம்புவீர்களா? பாட்டு என் மனசில் ஒரு பக்கம் இருந்தது, பிழைப்பு இன்னொரு பக்கம் இருந்தது. இரண்டும் சந்தித்துக்கொண்டதே இல்லை. சந்தித்த அன்றைக்கு ஒன்று இன்னொன்றின் கழுத்தை நெரித்துவிட்டது.

பல்லை மாட்டிக்கொண்டு அவர் என்ன சொன்னார் என்று கேட்டேன். நாத்தனாரின் உற்சாகம் கொஞ்சம் இறங்கியது. டாக்டர் முகம் வெளுத்துப்போய் ஏதோ மன்னிப்புக் கேட்டாராம். விசிலார் கண்ணாடி முன்னால் ரொம்ப நேரம் நின்றாராம், வாய்க்குள்ளேயே எதையோ திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தாராம், அப்புறம் ஒரு வார்த்தையும் பேசாமல் போய்விட்டாராம். கையெழுத்து வாங்க எடுத்து வைத்திருந்த நோட்டு அவள் கையிலேயே நின்றுவிட்டது.

“சந்தை அடைச்சுட்டேன்டி,” என்றேன்.

அவளுக்குப் புரிய நாலு நொடி ஆயிற்று. புரிந்ததும் அவள் முகத்தில் ஈயாடவில்லை. துளி மாறக்கூடாது என்று சொன்னேனே என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன்.

விளக்குகள் அணைந்தன. அரங்கமே கத்தியது. நான்கு பேரும் வந்தார்கள், டிரம்ஸ் ஒரு இடி இடித்தது, என் நெஞ்சுக்கூடு அதிர்ந்தது. முப்பது வருடம் சின்னப் பெட்டியில் கேட்ட சத்தம் இப்போது தரை வழியாகக் கால் வழியாக ஏறுகிறது. அழுதுவிடுவேன்போல இருந்தது, அது சந்தோஷ அழுகை இல்லை என்பதுதான் கொடுமை. ஒல்லியாக, சாம்பல் நிறத் தாடியோடு விசிலார் மைக்கைப் பிடித்தார். முதல் பாட்டே சைக்கிள் பாட்டு.

“சுவரில் சாய்ந்த சைக்கிளே” என்று பாடினார். சுத்தமாக இருந்தது. ஒவ்வொரு ‘ச’வும் பாலிஷ் போட்ட பல்லாக வழுவழுவென்று வந்து விழுந்தது. செய்தி வாசிக்கிறவர்கள் தோற்றுப்போவார்கள். என் வாழ்க்கையில் நான் செய்த வேலைகளிலேயே மிக நேர்த்தியானது அதுதான், அதைக் கேட்கக் கேட்க எனக்கு என்னைத் தலையில் குட்டிக்கொள்ள வேண்டும்போல இருந்தது. குடுமிக்காரர் திரும்பி மைக் சரியில்லை என்றார். அவர் பக்கத்திலிருந்தவர் வயசாகிவிட்டது என்றார்.

இரண்டாம் பாட்டிலும் அப்படித்தான். மூன்றாவது பாட்டில் பின்பக்கத்திலிருந்து ஒருவர், விசில் வரவேண்டிய இடத்தில் தன் வாயால் மெதுவாக விசிலடித்தார். அடுத்த ‘ச’வுக்குப் பத்துப் பேர். அதற்கடுத்ததற்குப் பாதி அரங்கம். எல்லோருக்கும் எந்த இடம், எவ்வளவு நீளம் என்று மனப்பாடமாகத் தெரிந்திருக்கிறது, பாருங்கள். இவ்வளவு நாளும் நான் மட்டும்தான் அதைக் காதலிக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நாத்தனாரும் விசிலடித்தாள். எனக்கு உதடு குவியவில்லை.

விசிலார் கையை உயர்த்தினார். கிட்டார்கள் நின்றன. அவர் சிரித்துக்கொண்டிருந்தார், நான் கட்டிய பற்கள் நான்கும் விளக்கில் மின்னின.

“உங்களுக்கு ஏதோ குறையுது, தெரியுது,” என்றார். “காலையில பல்லு உடைஞ்சிருச்சு. பழசு மாதிரியே பண்ணிக் குடுங்கன்னு சொன்னேன். யாரோ என் பேச்சைக் கேக்கல.”

அரங்கம் சிரித்தது. நான் குடுமிக்காரரின் முதுகுக்குப் பின்னால் குனிந்துகொண்டேன். அவர் மேலே சொன்னதைக் கேட்க நிமிர வேண்டியிருந்தது. பத்தொன்பது வயதில் கீழே விழுந்து முன்பல் போயிற்றாம். கையில் இருந்த காசுக்கு ஏற்ற மாதிரி யாரோ கட்டிக்கொடுத்த பல், அதனால் வந்த சந்து, அதனால் வந்த விசில். ஊரே கேலி செய்ததாம். பிறகு அந்தக் கேலியே பெயராகிவிட்டதாம். விசில் போனால் நீங்கள் எல்லாம் போய்விடுவீர்களோ என்று பயந்து, ஒவ்வொரு முறை பல் மாற்றும்போதும் சந்தைக் கேட்டு வாங்கினேன் என்றார். அப்புறம் குரல் கொஞ்சம் தழைந்தது. மனைவியின் பெயரில் மூன்று ‘ச’ இருக்கிறதாம். கல்யாணமான புதிதில் கூப்பிட்டுப் பார்த்தாராம், மூன்று விசில் வந்ததாம், அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லையாம். அதிலிருந்து இருபத்தொன்பது வருடமாக ஏம்மா, இந்தாம்மா, இங்க பாரு என்றே ஓட்டிவிட்டாராம். அவளுக்காக எழுதிய பாட்டு ஒன்று இருக்கிறது, அதில் அவள் பெயர் வருகிறது, அதனால் அதை மேடையில் பாடியதே இல்லை என்றார்.

“இன்னிக்குக் கண்ணாடி முன்னாடி நின்னு அவ பேரைச் சொல்லிப் பாத்தேன். ஒழுங்கா வந்துச்சு,” என்றார்.

மேடையின் ஓரத்தைப் பார்த்து அந்தப் பெயரைச் சொன்னார். அதை நான் இங்கே எழுதப்போவதில்லை, அது அவர்கள் வீட்டுச் சொத்து. ஓரத்திலிருந்து ஒரு பெண்மணி, கையில் தண்ணீர் பாட்டிலோடு, இதெல்லாம் எதற்கு என்கிற முகத்தோடு இரண்டடி வெளியே வந்து நின்றார். பாட்டு தொடங்கியது. ஒற்றைக் கிட்டார்தான், டிரம்ஸ் இல்லை. பெயர் வந்த ஒவ்வொரு முறையும் அவர் அதை அவசரப்படாமல், ஒவ்வொரு எழுத்தாக, சாப்பிட்டு ருசிக்கிற மாதிரி சொன்னார். அந்தப் பெண்மணி பாட்டிலைக் கீழே வைத்துவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். நாத்தனார் தேம்பினாள், குடுமிக்காரர் தேம்பினார். நானும் அழுதேன், ஒரு கண் சந்தோஷத்துக்கு, ஒரு கண் என் விசிலுக்கு. ஒரு மனிதனின் முப்பது வருட வெட்கத்தை நான் காதலித்திருக்கிறேன் என்பதும் அப்போதுதான் தெரிந்தது. தெரிந்தும் அது வேண்டும் என்றுதான் மனசு அடம்பிடித்தது.

வீட்டுக்கு வந்து வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கேட்டுவிட்டு, பாட்டு எப்படி இருந்தது என்றார். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவர் அந்தக் கேள்வியைக் கேட்டது அதுதான் முதல் தடவை. நன்றாகத்தான் இருந்தது, நான் கேட்கப் போனதுதான் இல்லை என்றேன்.

ஞாயிறு காலை ஆறு மணிக்கு டாக்டர் போன் செய்தார். கோபமாகப் பேசுவார் என்று எதிர்பார்த்தேன், பேசினார். அதை முடித்துவிட்டு விஷயத்துக்கு வந்தார். விசிலாருக்கு இன்னொரு செட் வேண்டும், சந்தோடு. இன்னும் ஏழு ஊர் பாக்கி இருக்கிறது, வண்டி பன்னிரண்டு மணிக்குக் கிளம்புகிறது. நேற்றுச் செய்தது வீட்டுக்கு, இது மேடைக்கு. வாயின் அச்சு என்னிடம் இருந்தது, நான் எந்த அச்சையும் உடனே உடைப்பதில்லை. ஆனால் சந்தின் அளவுக்கு எங்கே போவது? பழைய செட்டைத்தான் நான் திருத்தித் தொலைத்துவிட்டேனே. டாக்டரிடமும் குறிப்பு இல்லை.

“அளவு எங்கிட்ட இருக்கு டாக்டர்,” என்றேன். “ஆனா நான் நேர்ல வந்துதான் வைக்கணும்.”

சொல்லிவிட்டேனே தவிர, அளவு இருந்தது என் காதில்தான்.

பத்தரை மணிக்கு, கைமோட்டாரையும் அரைக்கும் கல்லையும் பையில் போட்டுக்கொண்டு, இருபத்து நான்கு வருடத்தில் முதல் முறையாக ஒரு நோயாளியின் முகத்தைப் பார்க்கப் போனேன். ஞாயிற்றுக்கிழமை, கிளினிக்கில் வேறு யாரும் இல்லை. நாத்தனார் லீவு நாளில் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு வரவேற்பு மேசையில் இருந்தாள். உள்ளே சாய்வு நாற்காலியில், கழுத்தில் காகிதத் துண்டு கட்டி, காலை நீட்டிப் படுத்திருந்தார் விசிலார். மேடையில் பார்த்ததைவிடச் சின்ன உருவம். டாக்டர் என்னைக் காட்டி, இவங்கதான் உங்க பேச்சைக் கேக்காதவங்க என்றார்.

“சந்தை எதுக்கும்மா அடைச்சீங்க?” என்று கேட்டார் விசிலார்.

“பாக்க அசிங்கமா இருந்துச்சு,” என்றேன்.

அவர் வாய்விட்டுச் சிரித்தார். மனைவிக்கும் அந்த நாளிலிருந்தே அதே கருத்துதான் என்றார்.

புதுசெட்டை நான் சந்தே இல்லாத மாதிரிதான் கொண்டுபோயிருந்தேன். குறைவாக இருந்தால் அரைத்துக்கொள்ளலாம், அரைத்ததைத் திரும்ப வைக்க முடியாது. மாட்டிக்கொண்டு சைக்கிள் பாட்டின் முதல் வரியைப் பாடச் சொன்னேன். படுத்தபடியே பாடினார். சுத்தமாக வந்தது. கழற்றி வாங்கி, கல்லை ஒரு தடவை தொட்டுக் கொடுத்தேன். இப்போது காற்று கசிந்தது, விசில் இல்லை. மறுபடி வாங்கினேன். முழங்கையை மேசையில் ஊன்றிக்கொண்டு, கீழே கொஞ்சம் அகலமாக, அந்த மண்வெட்டிக்காரன் செய்த அதே கோணலில், மூச்சை அடக்கி அரைத்தேன். கழுவிக் கொடுத்தேன். மாட்டிக்கொண்டார்.

“சுவரில் சாய்ந்த சைக்கிளே, சும்மா சொல்லு யாருக்காக.”

வந்தது. ஐந்து இடத்திலும் வந்தது. மைக் இல்லை, டிரம்ஸ் இல்லை, மூவாயிரம் பேர் இல்லை. எனக்கும் அதற்கும் நடுவில் ஒரு முழம்கூட இல்லை. பதினெட்டு வயதில் கேட்ட அதே ரகசியம், அதே காதில். டாக்டர் என்னைப் பார்த்தார். நாத்தனார் கதவைப் பிடித்துக்கொண்டு வாயைப் பொத்தியபடி நின்றாள்.

“இதுதானே? சரியா இருக்கா?” என்று கேட்டார் விசிலார்.

சரியாக இருந்தது. இம்மி பிசகாமல் இருந்தது. இனிமேல் கல்லை அதன் பக்கம் கொண்டுபோனாலே கெட்டுவிடும். மோட்டாரின் வயரைச் சத்தமில்லாமல் பிடுங்கிவிட்டேன்.

“ஒரு வரியில தெரியலைங்க,” என்றேன். “முழுப் பாட்டும் பாடினாத்தான் சொல்ல முடியும்.”

அவர் என் முகத்தைப் பார்த்தார், பிடுங்கிய வயரைப் பார்த்தார். பிறகு எழுந்து உட்கார்ந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, முதலிலிருந்து தொடங்கினார்.